சிவப்புக் குழாய்

"பல்லக் காட்டு" என்றார் மாணிக்கவேல்.

சந்தியா வாயை இறுக மூடிக்கொண்டாள். பள்ளிச் சீருடையும் இரட்டைப் பின்னலுமாகக் கிளம்பியவளை, பின்வாசலில் நிழல் முடிந்து வெயில் தொடங்குகிற இடத்தில் அப்பா பிடித்து நிறுத்தியிருந்தார். சாயம் போடுகிறவர்களுக்கு இது ஒரு வியாதி. எதையும் வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் அவர்களுக்குச் சமாதானம். பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவேல் போடுகிற அரக்குச் சிவப்புக்கு ஒரு பேர் இருந்தது. முகூர்த்தப் புடவைக்கு நூல் என்றால் அவர் பட்டறையைத் தேடித்தான் வருவார்கள். அப்படிப்பட்டவர் பெற்ற மகளின் முன்பற்களில், காவி நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை. பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்த நாளிலிருந்தே இருக்கிறது. இப்போது அவள் ஏழாம் வகுப்பு.

"காட்டும்மா, ஒரே ஒரு தபா."

மகள் வேண்டா வெறுப்பாக உதட்டை விலக்கினாள். நான்கைந்து நாளாக எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தார். சாயம் காய்ச்சுகிற செப்பு அண்டாவில் ஏறும் கறையெல்லாம் புளிப்புக்குப் போய்விடுகிறதே, பல் மட்டும் என்ன பெரிய பல் என்பது அவர் கணக்கு. கறை போட்ட இடத்தில் அப்படியே இருந்தது.

"கூசுதுப்பா. தண்ணி கூட குடிக்க முடியல."

"கூசுனா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"அண்டாவுக்குக் கூசாது. அவளுக்குக் கூசும்" என்றாள் காந்தா, அடுப்படியிலிருந்து. "பொண்ண உடுங்க. பெல்லு அடிச்சிடப் போறாங்க."

இதற்குமுன் நடந்த வைத்தியங்களை வைத்து ஒரு நாட்டு மருந்துக் கடையே நடத்தலாம். முதலில் பற்பசையை மாற்றினார். பிறகு எல்லாப் பற்பசையும் விஷம் என்று தீர்மானித்துக் கரித்தூளுக்கு வந்தார். கரித்தூளால் சந்தியா கறுத்த உதட்டோடு பள்ளிக்குப் போய் அழுதுகொண்டே திரும்பினாள். வேப்பங்குச்சி வந்தது, கடுக்காய்த் தூள் வந்தது, வீட்டில் சாக்லேட்டுக்குத் தடையுத்தரவு வந்தது. மாணிக்கவேலுக்கும் காந்தாவுக்கும் பல் பளீரென்று இருக்கும். ஆகையால் குற்றம் பரம்பரையில் இல்லை, காலம்தான் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தார். அவர் வளர்ந்தது நகராட்சித் தண்ணீரில், காந்தா வளர்ந்தது வாலாஜாபாத்தில் பாலாற்றங்கரைக் கிணற்றுத் தண்ணீரில் என்பது அவர் யோசனையில் ஒருநாளும் வந்ததில்லை. தண்ணீரைப் போய் யாராவது சந்தேகப்படுவார்களா? அதுவும் அந்தத் தண்ணீரை!

அந்தத் தண்ணீரின் கதையை அவர் வாயால் கேட்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. பட்டறைக்காக வீட்டுப் பின்புறம் போர் போட்டபோது இரண்டு இடத்தில் பாறையும் புழுதியும்தான் வந்தன. மூன்றாவது இடத்தில் தண்ணீர் பீறிட்ட வாரம்தான் சந்தியா பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தவர், நடுவில் ஒரு வாளித் தண்ணீரில் சோப்புத் துண்டைப் போட்டுக் கலக்கிப் பார்த்தார். நுரை வாளியைத் தாண்டி வழிந்தது. வேகவைக்காத பச்சைப் பட்டு நூலில் ஒரு பசை இருக்கும். சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதை எடுத்த பிறகுதான் சாயம் பிடிக்கும். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்துபோய் நூலெல்லாம் பிசுபிசுக்கும். இந்தத் தண்ணீரிலோ பட்டு மல்லிகைப்பூ மாதிரி வெளுத்து வந்தது, சாயம் திட்டு விழாமல் ஏறியது. பருப்பு போட்டால் குழைய வெந்தது. மகளும் தண்ணீரும் ஒரே ராசி என்று அவர் நம்பினார். அவர் அரக்குக்குப் பேர் வந்ததே அதற்குப் பிறகுதான்.

மகாலட்சுமியைப் பூட்டி வைக்கக் கூடாது என்று, சுவருக்கு வெளியே ஒரு சின்னத் தூண் கட்டித் தெருவுக்கு ஒரு குழாயும் விட்டார். நகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், அதுவும் வந்தால் வரும். இதுவோ எந்நேரமும் வரும். காசில்லை, கேள்வியில்லை. குடம் வைக்கிறவர்கள் எல்லாரும் "புண்ணியவான்" என்றார்கள். அதைக் கேட்பதற்காகவே அவர் சில நாள் காலையில் வாசலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காந்தாவுக்கு அது தெரியும். இருந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

சந்தியாவின் வகுப்பில் ஒருத்தி, "உங்கப்பா உன் பல்லுக்கும் சாயம் போட்டாராடி?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் சந்தியாவின் கை தானாக வாய்க்குப் போய்விடும். நாளாக ஆக, கையைத் தூக்கவும் அலுத்துப்போய் சிரிப்பையே குறைத்துக்கொண்டாள். கைக்குழந்தையாக இருந்தபோது அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சிரித்த பெண். இப்போது டிவியில் காமெடி ஓடினால் தோள் மட்டும்தான் குலுங்குகிறது. மாணிக்கவேலுக்கு இதைப் பார்க்கிறபோதெல்லாம் நெஞ்சை அடைக்கும். அடைத்தவுடன் போய் இன்னொரு பல்பொடி வாங்கி வருவார்.

அன்று சாயங்காலம் சந்தியா பள்ளிவிட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"ப்பா, ஸ்கூல்ல பல் டாக்டர் கேம்ப் போட்டாங்க. எந்தத் தண்ணி குடிக்கிறேன்னு கேட்டாங்க. எங்க போர் தண்ணின்னு சொன்னேன். அப்புறம் நம்ம தெரு புள்ளைங்க எல்லாரையும் கூப்ட்டு வரிசையா நிக்க வச்சாங்க. அத்தினி பேர் பல்லுலயும் கோடு இருக்குது. தண்ணியில ஃபுளோரைடு இருக்குதாம். அந்தத் தண்ணியாலதான் பல்லு இப்டி ஆவுதாம்."

"யாரு சொன்னது?"

"டாக்டர்தான் சொன்னாங்க. சுகாசினின்னு பேரு."

"பேரு கெடக்கட்டும். அவங்களுக்குத் தண்ணியப் பத்தி இன்னா தெரியும்?"

அந்த ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மகள் பிறந்த ராசியையே ஒருத்தி குறை சொல்லிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீர், ஒரு சோப்புத் துண்டு, கொஞ்சம் பச்சைப் பட்டு நூல், தான் சாயம் போட்ட அரக்கு நூல் கொஞ்சம், எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு வண்டியில் மாட்டினார். பின்னால் மகளை உட்காரவைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். கோர்ட்டுக்குச் சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போகிறவரின் முகம் அவருக்கு இருந்தது.

டாக்டர் சுகாசினிக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயதிருக்கும். வகுப்பறை ஒன்றில் மேசை போட்டு, ஒவ்வொரு பிள்ளையாக வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாணிக்கவேல் வணக்கம் சொன்னார். சொன்ன கையோடு, கருவிகள் இல்லாத ஒரு தட்டைக் கேட்டு வாங்கி, அதில் பாட்டில் தண்ணீரை ஊற்றிச் சோப்பைக் கலக்கினார். நுரை மேசையில் வழிந்தது. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த பையன் மூடவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா மேடம்? இந்த நுரை எந்தத் தண்ணியில வரும்? இந்தா பாருங்க, அரக்கு. எங்கனா ஒரு திட்டு காட்டுங்க, நான் தொழில உட்டுர்றேன். பட்டுக்கு ஒத்துக்கிற தண்ணி புள்ளைங்க பல்லுக்கு ஒத்துக்காதா?"

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அரக்கு நூலைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு சார்" என்றாள் உண்மையாகவே. அவருக்கு அந்த இடத்திலேயே பாதிக் கோபம் போய்விட்டது.

"நீங்க சொல்றது சரிதான். சுண்ணாம்பு கம்மியா இருக்கிற தண்ணி இது. அதான் சோப்பு இப்படி நுரைக்குது. ஆனா சுண்ணாம்பு இருந்தா அது ஃபுளோரைடைப் பிடிச்சு உட்கார வச்சிடும் சார். அது இல்லாததால ஃபுளோரைடு தண்ணியிலயே தங்கிடுது. நாக்குக்குத் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும். பண்ணிடலாமா?"

"தாராளமா பண்ணுங்க" என்றார், தேர்தலில் ஜெயிக்கப் போகிறவர் மாதிரி.

அவள் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்தாள். இரண்டு கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் பள்ளிக் குழாயில் வந்த நகராட்சித் தண்ணீர், மற்றதில் அவர் தண்ணீர். இரண்டிலும் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். பெட்டி மூடியின் உட்புறம் செருகியிருந்த அட்டையில் வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. ரோஜா நிறத்தில் ஆரம்பித்து, ஆரஞ்சுக்குப் போய், கடைசிக் கட்டத்தில் மஞ்சளில் முடிந்தன. "ரோஸா இருந்தா நல்ல தண்ணி. மஞ்சளுக்குப் போகப்போக ஃபுளோரைடு அதிகம்" என்றாள்.

நகராட்சித் தண்ணீர் ரோஜா நிறத்தில் நின்றது. மாணிக்கவேலின் தண்ணீர், அவர் கண்ணெதிரில், மெல்ல வெளுத்து மஞ்சளாகியது.

"கடைசிக்கு முந்தின கட்டம் மாதிரி தெரியுது" என்றாள் டாக்டர், குப்பியை அட்டையோடு சேர்த்துப் பிடித்தபடி.

"ட்யூப் லைட்டுல கலர் பாக்கக் கூடாது மேடம்" என்று மாணிக்கவேல் குப்பியையும் அட்டையையும் வாங்கிக்கொண்டார். அது அவர் வாயிலிருந்து தானாக வந்தது. வராண்டாவைத் தாண்டி வெயிலுக்குப் போனார். சந்தியா பின்னாலேயே வந்தாள்.

வெயிலில் குப்பியைத் தூக்கிப் பிடித்தார். எத்தனை ஆயிரம் நூலை இப்படிப் பிடித்துப் பார்த்திருப்பார்! ஒருமுறை ஒரு கடைக்காரர், பரவாயில்லை, இருக்கட்டும் என்று சொல்லியும், அரை மாற்றுக் குறைந்திருந்த நூலைத் திருப்பி வாங்கி மறுபடி சாயம் போட்டுக் கொடுத்தவர். இன்று அந்தக் கண் கொஞ்சம் பொய் சொன்னால் என்ன என்று இருந்தது. டாக்டர் சொன்ன கட்டத்திலாவது நிறுத்திக்கொள்ளலாம். ஆரஞ்சு என்றுகூடச் சாதிக்கலாம். கேட்க யார் இருக்கிறார்கள்? மகள்தான் இருந்தாள். அவர் குப்பியைப் பார்க்க, அவள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து அட்டையை மேசையில் வைத்தார். "கடைசிக் கட்டம் மேடம்" என்றார். "முந்தினது இல்ல. கடைசி."

"கொதிக்க வச்சா போயிடுமா?" என்று கேட்டார்.

"இல்ல சார். தண்ணிதான் வத்தும். இது அப்படியே இருக்கும், இன்னும் கெட்டியா."

அதை அவருக்குச் சொல்லவே வேண்டியதில்லை. சாயத்தை வற்றக் காய்ச்சினால் என்ன ஆகும் என்பதை அறியாதவரா அவர்.

முளைத்துவிட்ட பல்லில் இருக்கும் கறை தேய்த்தால் போகாது, எலுமிச்சம்பழம் வைத்தால் இருக்கிற பல்லும் கெடும், வளர்ந்த பிறகு மேல்பூச்சு மாதிரி ஒரு சிகிச்சை செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொன்னாள். பெரியவர்களுக்குப் பல்லில் தெரியாது, ஆனாலும் வருஷக்கணக்கில் குடித்தால் எலும்புக்கு நல்லதில்லை என்றாள். "முக்கியமா சின்னக் குழந்தைங்க. வெளிய பால்பல்லு வெள்ளையா இருக்கும். ஈறுக்குள்ள அடுத்த பல்லு இப்பதான் உருவாகிட்டு இருக்கும். அதுங்களுக்கு இன்னிக்கே நிறுத்திடுங்க. குளிக்க, துணி துவைக்க, சாயம் போட ஒண்ணும் பிரச்சினை இல்ல. குடிக்கவும் சமைக்கவும் வேணாம். சில ஊர்ல இந்த மாதிரிக் குழாய்க்கு சிவப்பு பெயின்ட் அடிச்சு வச்சிடுவாங்க, குடிக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியற மாதிரி."

இருவரும் வெளியே வந்தார்கள். மகளுக்குப் பிறந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீரை அவர் தன் கையாலேயே ஊட்டியிருக்கிறார். "ஐஸ்கிரீம் சாப்புடுறியா?" என்று கேட்டார்.

"கூசும்பா" என்றாள். பிறகு, "எனக்கு ஆயிடுச்சு, உடு. எதிர்வூட்டு எஸ்தர் அக்கா அவங்க கொழந்த ஜோசுவாவுக்கு அந்தத் தண்ணியிலதான் கஞ்சி காச்சறாங்க. போய்ச் சொல்லு" என்றாள்.

அவர் சொன்னார். அன்றைக்கே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போகும், புண்ணியவான் பட்டம் போகும், குழந்தைகளைக் கெடுத்தவன் என்று சட்டையைப் பிடிப்பார்கள் என்றெல்லாம் பயந்துகொண்டுதான் போனார். ஆனால் நடந்தது வேறு. ஒருவரும் நம்பவில்லை.

முதல் வீடு கைலாசம். "இத்தினி வருசமா குடிக்கிறேன், எனக்கு இன்னா ஆச்சு? என் பல்லுல ஒரு கறை காட்டு" என்று ஈ என்று இளித்தார். அவர் வாயில் இருந்தது முழுக்க முழுக்கக் கட்டின பல்செட். அதைச் சொல்லிக்காட்டினால் வயதானவர் வருத்தப்படுவாரே என்று மாணிக்கவேல் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த வீட்டுக் கலைவாணி தெருவின் வாய். "எங்க வூட்டுப் புள்ளைங்க பல்லு எங்க மாமனார் ஜாடைண்ணா. அவருக்கும் இப்டிதான் இருக்கும்." மாமனார் நாள் முழுக்க வெற்றிலையும் புகையிலையுமாக இருந்து போய்ச் சேர்ந்தவர்.

எதிர்வீட்டு எஸ்தர் கலைவாணி மாதிரி வாயாடவில்லை. ஜோசுவாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று அரிசி மாதிரிப் பல். "இவனுக்கு நல்லாத்தானே இருக்குதுண்ணா? பாருங்க, எவ்ளோ வெள்ளையா இருக்குது. கேன் தண்ணி குடுத்தா இவனுக்குச் சளி புடிச்சிக்கிது. உங்க தண்ணிதான் ஒத்துக்கிது" என்றாள். உள்ளே இருக்கிற பல்லைப் பற்றி அவர் சொன்னதற்கு, "இல்லாத பல்லுக்கு இப்பவே கவலைப்பட முடியுமாண்ணா?" என்றாள். டாக்டரிடம் கேட்டுவந்ததெல்லாம் அவர் வாயில் பாதிதான் வந்தது.

வீட்டுக்கு அன்றிலிருந்து கேன் தண்ணீர் வந்தது. தெருவுக்கு அது ஒரு சாட்சியாக இருக்கும் என்று அவர் நினைத்தார். தெரு வேறு விதமாகப் பார்த்தது. "பணம் வந்துடுச்சு, கேன் தண்ணி கேக்குது" என்றாள் கலைவாணி. அடுத்த நாள் அவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு தெருக்குழாயை அடைத்தார். மத்தியானத்துக்குள் வாசலில் காலிக் குடங்கள் வரிசை கட்டின. துவைக்கத் தண்ணீர் இல்லை, கழுவத் தண்ணீர் இல்லை. "குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போண்ணா. அதுக்குப் புள்ளைங்க பல்லு மேல எதுக்குப் பழி போடுற?" என்று கலைவாணி கேட்டபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பொய் சொல்லிப் புண்ணியவான் என்று பேர் வாங்குகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிக் கஞ்சன் என்று பேர் வாங்கியது அவர் ஒருவராகத்தான் இருக்கும். சாயங்காலமே குழாயைத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் டாக்டர் சொன்ன சிவப்பு பெயின்ட் ஞாபகம் வந்தது. துவைக்க எடுக்கலாம், குடிக்க எடுக்கக் கூடாது, சிவப்பு சொல்லிவிடும். நேராகப் பெயின்ட் கடைக்குப் போனார்.

அங்கேதான் தவறு செய்தார். வேறு யாராக இருந்தாலும் கடையில் கொடுத்த சிவப்பை வாங்கிவந்து பூசியிருப்பார்கள். வண்டி வண்டியாய்ப் போகும் கேஸ் சிலிண்டர் சிவப்பு, பார்த்தாலே பயம் வரும். மாணிக்கவேலுக்கு அந்த நிறம் கண்ணை உறுத்தியது. இது என்ன சிவப்பு, உயிரே இல்லாமல்? மெரூன் ஒரு டின் வாங்கினார், மஞ்சள் கொஞ்சம் வாங்கினார். பின்கட்டில் உட்கார்ந்து கலக்கினார், வெயிலில் பார்த்தார், மறுபடி கலக்கினார். முகூர்த்தப் புடவை அரக்கு வந்த பிறகுதான் மனது அடங்கியது. குழாய்க்கும் அது நிற்கும் தூணுக்கும் இரண்டு கோட் அடித்தார். 'குடிக்கக் கூடாது' என்று ஒரு தகரத்தில் எழுதித் தூணின் நெற்றியில் மாட்டினார். தூரத்தில் நின்று பார்த்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது. மணவறைக்கு வந்த கல்யாணப் பெண் மாதிரி அது ஜொலித்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் காந்தா, ஒரு மாதிரிக் குரலில். "ஆடி மாசம் பொறந்திருக்குது. இந்த நேரத்துல செவப்பா ஒண்ண நட்டு வச்சிருக்கிறீங்க."

அவள் சொன்னது அவருக்கு மறுநாள் காலையில் விளங்கியது. தூணுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, குழாயின் கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தது. மூன்றாம் நாள் யாரோ ஒரு ரவிக்கைத் துணியைச் சார்த்தியிருந்தார்கள். தகரத்தின்மேல் மாலை விழுந்து, 'குடிக்கக் கூடாது' என்பதில் 'குடிக்க' மட்டும் வெளியே தெரிந்தது. மாணிக்கவேல் மாலையை நகர்த்தி வைப்பார். திரும்பி வருவதற்குள் அது பழைய இடத்துக்கு வந்திருக்கும். பக்கத்துத் தெருக்காரர்களும் வர ஆரம்பித்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். எஸ்தர் சர்ச்சுக்குப் போகிறவள், கும்பிடவில்லை. ஆனால் அவளும் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்லிவிட்டுத்தான் குடத்தை வைத்தாள். இத்தனை பேர் பக்தியோடு பிடிக்கிற தண்ணீரில் கெடுதல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் கலைவாணி வந்து வாசலில் நின்றாள். கஞ்சன் என்று சொன்னதையெல்லாம் மறந்துவிட்ட முகம்.

"அண்ணா, நாளைக்கு நம்ம தெரு அம்மனுக்குக் கூழ் ஊத்துறோம். இந்தக் குழாய்த் தண்ணியிலதான் காச்சணும்னு எல்லாருமா முடிவு பண்ணிட்டோம். விசேஷம் பாருங்க. தெரு புள்ளைங்க அத்தினி பேரும் குடிப்பாங்க."

"ஏம்மா கலைவாணி, நான் தலதலயா அடிச்சிக்கினு சொல்றேன். அது குடிக்கிறதுக்கு இல்ல. அதுக்குத்தான் செவப்பு அடிச்சிருக்குது."

"அம்மன் கலரு யாரு கேட்டு அடிக்கிறாங்க? அவளே அடிக்க வச்சிருக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாணிக்கவேல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "மோட்டர நிறுத்திடறேன்" என்றார். "சாமி காரியத்துக்குத் தண்ணி தரலன்னு அடிக்க வருவாங்க" என்றாள் காந்தா. "பெயின்ட்ட சொரண்டிடறேன்." "அம்மனையே சொரண்டிட்டான்னு சொல்லுவாங்க." அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் பேசத் தெரியவில்லை காந்தா, நூலைக் காட்டித்தான் பேசிப் பழக்கம் என்றார் மெதுவாக. காந்தா அவரைத் திட்டவில்லை. சந்தியா பாடப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக் செட் அலறத் தொடங்கியபோது மகளைக் காணவில்லை. மாணிக்கவேல் வாசலுக்கு வந்தார். தலைக்குக் குளித்து, ஈரம் உலராத பின்னலோடு சந்தியா சிவப்புத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தெருவில் அப்போதுதான் வெயில் இறங்கியிருந்தது. அவள் அந்த வெயிலைப் பார்த்து முகத்தைத் திருப்பி நின்றாள். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன.

முதலில் கைலாசம் ஒரு சின்னச் செம்போடு வந்தார். சந்தியா அவரைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டை நன்றாக விலக்கி, மேல்வரிசை கீழ்வரிசை எல்லாம் தெரிய, ஓசையில்லாமல் சிரித்தாள். அவர் தன்னிச்சையாகப் பல்செட்டைக் காட்டித் திருப்பிச் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டு வெறும் செம்போடு திரும்பி நடந்தார்.

அடுத்து கலைவாணி, கூழ் காய்ச்சும் பெரிய அண்டாவை இரண்டு பேரோடு பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாடி காலங்காத்தால பல்லக் காட்டிக்கினு நிக்கிற?"

"பாக்கறதுக்குத்தான் அத்த. கிட்ட வந்து நல்லா பாருங்க" என்றாள் சந்தியா. சிரிப்பை விடவில்லை. "நான் பொறந்ததுல இருந்து இந்தத் தண்ணிதான் குடிக்கிறேன். நம்ம தெருவுலயே அதிகமா குடிச்சது நான்தான்."

அண்டாவைக் கீழே வைத்தார்கள். கலைவாணியின் மகன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சந்தியாவைப் பார்த்துவிட்டு, அவனும் எதற்கென்று தெரியாமல் ஈயென்று பல்லைக் காட்டினான். கலைவாணி குனிந்து மகன் வாயைப் பார்த்தாள். ஜாடை என்று இத்தனை நாளாகச் சொல்லிவந்ததை அன்றுதான் முதல்முறை பார்ப்பவள்போல வெகுநேரம் பார்த்தாள்.

வாசற்படியில் நின்ற மாணிக்கவேல் ஒரு படி கீழே இறங்கினார். போய் மகளை உள்ளே அழைத்துவந்துவிடலாமா, எல்லாரும் பார்க்கிறார்களே என்று மனது துடித்தது. இத்தனை வருஷமாக எந்தக் கறையை எடுக்கப் பாடுபட்டாரோ, அதை அவள் தெருவுக்கே வெயிலில் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, இரண்டுக்கும் சேர்த்துக் கண்ணில் நீர் வந்தது. காந்தா பின்னால் வந்து அவர் தோளைத் தொட்டு, போகாதீங்க என்பதுபோல நிறுத்தினாள்.

எஸ்தர் எதிர்வீட்டிலிருந்து வந்தாள். இடுப்பில் ஜோசுவா, கையில் குடம். வழக்கம்போலக் குடத்தைக் குழாயடியில் வைத்துத் திறந்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். சந்தியா அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள். ஜோசுவாவுக்கு ஒரே குஷி. அரிசிப் பல் நாலையும் காட்டி, எச்சில் ஒழுக, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கெக்கலி கொட்டினான். சந்தியாவுக்கும் அடக்க முடியவில்லை. அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

எஸ்தர் பெரிய வாயையும் சின்ன வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலைக் குழந்தையின் வாய்க்குள் விட்டு, பல் முளைக்காத இடத்தில் ஈறை மெதுவாகத் தடவினாள். அங்கே ஒன்றுமே தட்டுப்படவில்லை. ஆனாலும் விரலை எடுக்காமல் தடவிக்கொண்டே நின்றாள். கீழே குடம் நிறைந்து, தண்ணீர் எல்லார் காலடியிலும் ஓடத் தொடங்கியிருந்தது. குழாயை மூட யாரும் குனியவில்லை.